‘நீ ஸ்டேஷன் போ, நான் பேங்க் போறேன்’: கணவரின் மிரட்டலுக்குச் சட்டத்தில் என்ன வழி?

நொய்யல்கரை:
ஊர் கோவை. நான் அரசு ஊழியர். 2021இல் வீட்டுக் கடன் வாங்கினோம். என் கணவருக்கு அப்போது நிலையான வேலை இல்லை என்பதால், ஒரு ஏஜென்ட்டைப் பிடித்துப் போலிச் சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16ம் (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) தயார் செய்தார். நான் இணை விண்ணப்பதாரர், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் வீட்டில் அடி உதை தாங்க முடியவில்லை. புகார் கொடுக்கப்போகிறேன் என்றதும், அந்தச் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழே ஒரு வரி: "நீ ஸ்டேஷன் போ, நான் பேங்க் போறேன். யார் வேலை போகுதுன்னு பாப்போம்." நான் என்ன செய்வது?

நேர்வழி:
கோபிக்காதீர்கள் சகோதரி. ரெண்டு பேரும் சேர்ந்து பேங்கை ஏமாற்றியிருக்கிறீர்கள். நீங்களே முந்திக்கொண்டு மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அவர் கையில் மிரட்ட என்ன இருக்கும்?

கோர்ட்வாசல்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாக நிற்காது. மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தது நிற்கும். வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

அடி வேறு, கடன் வேறு. 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 12ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் நேராக மனுப் போடலாம். எஃப்ஐஆர் தேவையில்லை. பாதுகாப்பு உத்தரவு 18, வீட்டை விட்டு வெளியேற்றாமல் இருக்க 19, அவசரமென்றால் 23இல் இடைக்கால உத்தரவு. கடன் பத்திரத்தில் பொய் இருக்கிறது என்பதற்காக அடி வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு கிடையாது என்று அந்தச் சட்டத்தில் எங்கும் சொல்லவில்லை.

ஈரோடன்:
அவர் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார் என்று சொல்லிவிடலாமே? அதுவும் போக, கணவன் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாதே.

கோர்ட்வாசல்:
ரெண்டும் சினிமாச் சட்டம் தம்பி. வற்புறுத்தலால் செய்தேன் என்று தப்பிக்க, அந்த நொடியே உயிர் போகும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும். 2021இல் நடந்ததற்குப் பொருந்தும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 94ஆம் பிரிவு அவ்வளவு குறுகலானது. நொய்யல்கரையோ தெரிந்தே போட்டேன் என்கிறார், புதிதாகப் பொய் எதற்கு? 2023ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 128ஆம் பிரிவு தம்பதியின் பேச்சைத்தான் காக்கும், பேங்கில் கிடக்கும் காகிதத்தை அல்ல. பேச்சுக்கும் முழுக் காப்பு இல்லை: மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த போன் உரையாடலை விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

நேர்வழி:
சரி, மிரட்டல் குற்றமென்றே வைத்துக்கொள்வோம். நடந்த உண்மையைப் புகார் செய்வேன் என்பது எப்படிக் குற்றமாகும்? இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் கேட்பது சட்டவிரோதமாக விளைவிக்கும் கேடு. மோசடியைப் பற்றித் தகவல் கொடுப்பது சட்டவிரோதமா என்ன?

கோர்ட்வாசல்:
நல்ல கேள்வி, பாதி ஒப்புக்கொள்கிறேன். 351ஐ மட்டும் நம்பிப் போனால் வழக்கு நொண்டும். 308, அதாவது மிரட்டிப் பறித்தல், அதற்கும் பணமோ சொத்தோ கை மாறியிருக்க வேண்டும். "நகையைக் கொடு, இல்லாவிட்டால் சொல்லிவிடுவேன்" என்று வாங்கியிருந்தால் கதை வேறு. ஆனால் குடும்ப வன்முறை மனுவில் இந்த வாட்ஸ்அப் செய்திக்கு நல்ல எடை உண்டு. அடிபட்டவர் புகார் கொடுக்காமல் தடுக்கத்தான் மிரட்டியிருக்கிறார் என்பதை அவரே எழுத்தில் கொடுத்திருக்கிறார். அழிக்காதீர்கள், அதே போனில் அப்படியே இருக்கட்டும். "நானும் உன்னை மாட்டிவிடுவேன்" என்று பதில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

பழைய லோன் ஆபீசர்:
பேங்க் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. தவணை ஒழுங்காகக் கட்டுகிறோம், பேங்க் கண்டுகொள்ளாது என்று நினைக்காதீர்கள். தகவல் வந்தால் விசாரணை உண்டு. ரிசர்வ் வங்கியின் 2024 விதிகளின்படி, மோசடிக் கணக்கு என்று முத்திரை குத்துமுன் நோட்டீஸ் அனுப்பி, பதில் சொல்லக் குறைந்தது 21 நாள் தர வேண்டும். கடனை முழுசாக அடைத்துவிட்டால் குற்றம் இல்லாமல் போய்விடாது, ஆனால் பேங்குக்கு நஷ்டம் இல்லை. கோர்ட் அனுமதியோடு பேங்க் சமாதானமாகப் போகவும் இடம் இருக்கிறது. வீட்டை விற்று அடைக்க முடியுமா என்று பாருங்கள்.

நேர்வழி:
அடைத்துவிட்டு அமுக்குவது என்று சொல்லுங்கள்.

பழைய லோன் ஆபீசர்:
வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவதற்கு அமுக்குவது என்று பெயரா ஐயா? ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் பேங்கில் போய் என்ன சொல்வார்? போலிச் சீட்டு அவர் பெயரில், ஏஜென்ட் அவர் பிடித்த ஆள். முதல் குற்றவாளி அவர்தான். அப்ரூவர் (குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறுபவர்) ஆகிவிடலாம் என்று அவர் நினைத்தாலும் மன்னிப்பு வழங்குவது கோர்ட். அவராகப் போய் எடுத்துக்கொள்ள முடியாது.

நொய்யல்கரை:
எனக்குப் பயமே வேலைதான். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் சஸ்பென்ஷன் என்று ஆபீசில் சொல்கிறார்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசும் இல்லை, ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருக்கிறது.

கோர்ட்வாசல்:
சம்பள அக்கவுண்ட்டின் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறைதான், பொருளாதார வன்முறை. மனுவில் அதையும் எழுதச் சொல்லுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100க்கும் அழைக்கலாம். அவர் இல்லாத நேரத்தில், வேறு போனிலிருந்து. நாளைக்கே ஆபத்தென்றால் பெண்கள் உதவி எண் 181.

48 மணி நேரம் என்பது உண்மைதான். அதனால்தான் கைதுக்கு முன்பே முன்ஜாமீன் கேட்க வேண்டும், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 482ஆம் பிரிவு. கைதாவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் எங்கே என்று ஜட்ஜ் கேட்பார். அவர் அனுப்பிய படத்தையும் அந்த ஒரு வரியையும் காட்டுங்கள்.

நேர்வழி:
முன்ஜாமீன் மனுவிலும் போலிச் சீட்டைப் பற்றிச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

கோர்ட்வாசல்:
அதை எந்த அளவுக்கு, எந்த வார்த்தையில் சொல்வது என்பதற்குத்தான் வக்கீல். இங்கே எழுதிக் கேட்க வேண்டாம். நொய்யல்கரை, முடிந்தால் உங்கள் முதல் பதிவையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.