டைனோவுல (சக்கரத்தை ரோலர் மேல ஓட்டி வண்டி சக்தியை அளக்கற மெஷின்) வண்டி ஏத்தினவங்க வாங்க, உங்க கதையைச் சொல்லுங்க

கோவை_டீசல்:
ரெண்டு மாசமா உறுத்திட்டே இருக்கு, கொட்டிடறேன். வண்டி ஸ்விஃப்ட் டீசல் 1.3, கம்பெனி கணக்குல 75 பி.எஸ்., அதாவது குதிரைசக்தி. ரீமேப் பண்ணினேன், இஞ்சின் கம்ப்யூட்டர்ல செட்டிங்கை மாத்தி சக்தியைக் கூட்டறது. "நூறு கண்டிப்பா வருங்க"ன்னாங்க. ரோலர்ல ஏத்தி, பெல்ட் போட்டு இறுக்கி, ஒரே இழுப்பு. சக்கரத்துல 78.

என் மூஞ்சி தொங்கினதை டைனோக்காரர் பார்த்துட்டார். "இது வீல்ல வர்றதுங்க, இஞ்சின்ல எவ்வளவுன்னு பார்ப்போம்"னு கீபோர்டைப் பக்கத்துல இழுத்தார். லாஸ்னு ஒரு கட்டம், இஞ்சின்ல இருந்து சக்கரத்துக்கு வர்றதுக்குள்ள எத்தனை சதவீதம் வீணாகுதுன்னு, உள்ளே 15. அதுக்கு இஞ்சின் 92ன்னு காட்டுச்சு. அந்த 15-ஐ அழிச்சுட்டு 22ன்னு அடிச்சார். ஸ்கிரீன்ல இருந்த கோடு அப்படியே எழும்பி 100-ல போய் உட்கார்ந்துச்சு. வண்டி ஆஃப்ல நிக்குது, ஃபேன் மட்டும் சுத்துது. எட்டு குதிரை ரெண்டு விரல்ல வந்துச்சுங்க! நானும் காசைக் கொடுத்து, பிரிண்டை வாங்கி மடிச்சு வெச்சுட்டு வந்துட்டேன். ஏன் வாயே திறக்கலைன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல.

பழைய_பாலிடெக்னிக்:
தம்பி, இஞ்சின் சக்தியை பி.எச்.பி.ன்னு சொல்றாங்களே, பிரேக் ஹார்ஸ்பவர், அதுல முதல் எழுத்து பிரேக். அதை நான் மூக்கால படிச்சவன். எங்க லேப்ல ஒத்தை சிலிண்டர் டீசல் இஞ்சின், 5 எச்.பி., 1500 ஆர்.பி.எம். ஃப்ளைவீல் பக்கம் ஒரு டிரம், அதைச் சுத்திக் கயிறு, ஒரு முனையில எடைக்கல்லு, மறு முனையில ஸ்பிரிங் தராசு. டிரம்முக்குள்ள தண்ணி ஊத்திட்டே இருக்கணும். ஒருநாள் ஊத்த வேண்டியவன் நான், ஜன்னல் வழியா கிரிக்கெட் பார்த்துட்டு நின்னுட்டேன். கயிறு கருகின அந்த நாத்தம் இன்னும் மறக்கல. இஞ்சின் கொடுத்த சக்தி மொத்தமும் சூடாத்தான் போகுதுன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. எடைக்கும் தராசுக்கும் உள்ள வித்தியாசம், டிரம் ஆரம், சுத்து. இந்த மூணும் போதும், கணக்கு வந்துடும். நடுவுல கியர் கிடையாது, டயர் கிடையாது, லாஸ் கட்டமும் கிடையாது.

ஆட்டோமேட்டிக்_ஆசாமி:
என் கதை சின்னது. ஆட்டோ கியர் வண்டி, டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதிலா எண்ணெய் வழியா சக்தியைக் கடத்தறது, அதுலயே கொஞ்சம் வீணாகும். நாலாவதுல பிடிச்சு வைங்கன்னு சொல்லியும், டைனோவுல ஓட்டின பையன் ஃபுல்லா மிதிச்சான். கிக்டவுன் ஆகி மூணுக்கு இறங்கிடுச்சு. கிராஃப் ஆடு மேஞ்ச சோளக்காடு மாதிரி வந்துச்சு. அதையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாங்க!
ஆனா கோவை_டீசல், 22 போட்டதை மோசடின்னு எடுத்தவுடனே சொல்லாதீங்க. என் வண்டிக்கு 22 பொருந்தும்.

மேட்டுப்பாளையத்தான்:
ஆசாமி, உங்க வண்டிக்குப் பொருந்தலாம். அவரோடது முன்சக்கர டிரைவ், கைக்கியர், இஞ்சின் குறுக்க கிடக்குது. சக்தி 90 டிகிரி திரும்பவே வேண்டாம், ரெண்டு ஜோடிப் பல்லைத் தாண்டினா சக்கரம். 100-ல 78-ன்னா 22 பி.எஸ். நடுவுல காணாம போகணும். அது 16 கிலோவாட்டுங்க, பாத்ரூம்ல மாட்டற 2 கிலோவாட் கீசர் எட்டு. அவ்வளவு சூடு எங்க போச்சு? ரோலர் மேல டயர் நசுங்கி நல்ல பங்கு தின்னும், ஒத்துக்கறேன். பெல்ட்டை ரொம்ப இறுக்கினா இன்னும் தின்னும். அப்படியே இருந்தாலும் 22 ரொம்ப ஜாஸ்தி.

அதோட, லாஸை ஒரே சதவீதமா வெச்சுக்கறதே தப்பு. பேரிங், சீல், எண்ணெயைக் கடையறது, இதெல்லாம் பாரம் இல்லாட்டியும் உண்டு. பாரத்தோட கூடறது முக்கியமா பல்லு உரசறதுதான். ரீமேப் பண்ணினதால கியர்பாக்ஸுக்கு அதே அளவு பசி கூடிடாது.

வெண்ணெய்_கியர்:
நான் பார்த்தது வேற மாதிரி. காத்து சூட்டை அளக்கற சென்சார் ஒயரை, தெரிஞ்சோ தெரியாமலோ, ரேடியேட்டருக்கு மேல தொங்க விட்டிருந்தாங்க. எஸ்.ஏ.இ. திருத்தம்னா, அன்னைக்கு இருக்கற காத்துக்கு ஏத்த மாதிரி நம்பரைச் சரிபண்ற கணக்கு, 25 டிகிரியை வெச்சுப் போடறது. சென்சார் 50 காட்டினா, "பாவம், சூட்டுல ஓடின வண்டி"ன்னு மெஷினே நாலஞ்சு சதவீதம் ஏத்திக் கொடுத்துடும். நான் ஒயரை எடுத்து நகர்த்தி வெச்சேன், அவங்க முறைச்சாங்க. அவ்வளவுதான் நடந்தது.

இனிமே போறவங்க கேட்டுக்கங்க. டயர்ல காத்து எவ்வளவுன்னு எழுதி வைங்க. 1:1-க்குப் பக்கத்துல இருக்கற கியர்ல, அதாவது கியர்பாக்ஸுக்குள்ள போற சுத்தும் வெளிய வர்ற சுத்தும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கற கியர்ல இழுக்கச் சொல்லுங்க, அஞ்சு கியர் வண்டின்னா பெரும்பாலும் நாலாவது. ஒரு தடவை இழுத்தா நம்பாதீங்க, மூணு தடவை இழுக்கச் சொல்லுங்க. டர்போ வண்டின்னா நடுவுல இன்டர்கூலர் (டர்போ அமுக்கின காத்தைக் குளிர வைக்கறது) ஆறட்டும். திருத்தம் இல்லாத பிரிண்டையும் கேளுங்க, தரமாட்டேன்னா வண்டியை இறக்கிடுங்க. அலாய் வீல் பெருசா மாத்தினவங்க, ரோலர் வேகமெடுக்கறதை வெச்சு அளக்கற மெஷின்ல கம்மியாத்தான் பார்ப்பீங்க. அந்தக் கனத்தைச் சுத்தவும் சக்தி வேணும்ல, இஞ்சினைத் திட்டாதீங்க. இழுத்து முடிச்சதும் கிளட்சை அமுக்கி ரோலரைத் தானா ஓய விட்டா, எவ்வளவு உரசல்னு மெஷினே அளக்கும். பாரம் இல்லாதப்ப வர்ற உரசல்தான் அது, முழு லாஸ் இல்லை. ஆனா ஆள் கையால நம்பர் அடிக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலை. அப்புறம் கியர் ஆயில்...

ஆட்டோமேட்டிக்_ஆசாமி:
ண்ணா, ஆயிலை யாரும் கேட்கலையே.

பழைய_பாலிடெக்னிக்:
அதை விடுங்க. கோவை_டீசல் தம்பி, 22, 15 எல்லாம் ஓரமா வை. ரீமேப்புக்கு முன்னாடி அதே ரோலர்ல சக்கரத்துல எவ்வளவு வந்துச்சு?

கோவை_டீசல்:
முன்னாடி ஏத்தவே இல்லீங்ணா. அதுக்குத் தனியா 2,500 ஆகும்னாங்க. மிச்சம் பிடிச்சேன்.