கெர்பரோஸ் கே.டி.சி. திடீர் திடீரென விழுகிறது, யாரும் லாகின் செய்ய முடியவில்லை: உதவி தேவை

கேள்வி
வணக்கம். எம்.ஐ.டி. கெர்பரோஸ் 1.18.3 (நெட்வொர்க்கில் பயனர் யார் என்று சரிபார்க்கும் மென்பொருள்) ஓடும் சர்வரில் கே.டி.சி., அதாவது டிக்கெட் என்ற தற்காலிக அனுமதிச் சான்றைக் கொடுக்கும் ப்ராசஸ், நேரம் காலம் இல்லாமல் விழுந்துவிடுகிறது. சிஸ்டம் லாகில் சிக்னல் 11, செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை) என்று மட்டும் இருக்கிறது. ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்கள் வேலையைத் தொடர்கிறார்கள். புதிதாக லாகின் செய்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, அப்புறம் மறுபடி அதே கதை. மெமரி, டிஸ்க், கடிகாரம் எல்லாம் பார்த்தாயிற்று. கே.டி.சி.யின் லாக் ஃபைலில் கடைசி வரியில் ஒவ்வொரு முறையும் வேறு பயனர். நான்கு வொர்க்கர் (கோரிக்கைகளைப் பகிர்ந்து கவனிக்கும் துணை ப்ராசஸ்கள்) வைத்தும் மொத்தமாகவே போகிறது. எங்கே தேடுவது?

பதில் 1
கடைசி வரியில் இருப்பவரை விட்டுவிடுங்கள். கோரிக்கைக்கு என்ன பதில் என்று முடிவான பிறகுதான் கே.டி.சி. லாகில் எழுதும். பாதியில் விழுந்தால் அந்தக் கோரிக்கைக்கு வரியே இருக்காது. நீங்கள் பார்ப்பது அதற்கு முன் ஒழுங்காக முடிந்த ஒன்று.

வொர்க்கர் வைப்பது வேகத்துக்கு மட்டும்தான். ஒரு வொர்க்கர் வெளியேறினாலே அவற்றை மேற்பார்க்கும் சூப்பர்வைசர் ப்ராசஸ் மற்றவற்றையும் நிறுத்திவிடும். கோர் டம்ப் (விழுந்த நொடியின் மெமரி நகல்) எடுத்து, ஜி.டி.பி. டீபக்கரில் பேக்ட்ரேஸ் பாருங்கள்; எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்று தெரியும். கூடவே கே.டி.சி.க்குக் கோரிக்கைகள் வரும் 88ஆம் போர்ட்டில், பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் டி.சி.பி.டம்ப் ஓடட்டும்.

கேட்டவர்
பேக்ட்ரேஸில் ப்ரீஆத் (டிக்கெட் தரும் முன் நடக்கும் சரிபார்ப்பு) பகுதியின் 'ஈ.சி. வெரிஃபை' ஃபங்ஷன் வருகிறது. விழும் நேரத்தில் வந்த பாக்கெட் ஒரு ஏ.எஸ். கோரிக்கை, அதாவது முதல் டிக்கெட் கேட்பது. அதில் ப்ரீஆத் வகை 138 இருக்கிறது, 136 இல்லை.

பதில் 2
அப்படியானால் இது சி.வி.இ.-2021-36222 (சி.வி.இ. என்பது அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் எண்). 138 என்பது என்கிரிப்டட் சேலஞ்ச் என்ற ப்ரீஆத் முறை. அது ஃபாஸ்ட் என்ற என்கிரிப்ட் செய்த உறைக்குள், அதாவது 136க்குள் மறைந்துதான் வர வேண்டும். டம்ப்பில் 138 வெறுமனே தெரிவதே தவறு.

ஃபாஸ்ட் சாவி இல்லையென்றால் நிறுத்த வேண்டும் என்ற சோதனை கோடில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது குறித்துவைத்த பிழை எண்ணின் மேல், அடுத்து நடக்கும் மெமரி நகலெடுப்பு 'வெற்றி' என்று பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. கோடு தொடர்ந்து ஓடி, இல்லாத சாவியைத் தொட்டதும் ப்ராசஸ் காலி. 1.16 முதல் இருந்த ஓட்டை இது. அனுப்புபவருக்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

திருத்தம் 1.18.4, 1.19.2 இரண்டிலும் உண்டு. நேராக 1.18.5 அல்லது 1.19.3க்குப் போவதே நல்லது. சி.வி.இ.-2021-37750 என்று இதே கே.டி.சி.யை வீழ்த்தும் இன்னொன்று அவற்றில்தான் சரியானது. அதற்கு முறையான லாகின் தேவை என்றாலும் விட்டுவைக்க வேண்டாம். பதிப்பு எண்ணை மட்டும் நம்பாதீர்கள்: லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் எண்ணை மாற்றாமலே திருத்தத்தைச் சேர்ப்பதுண்டு. பேக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியல்) சி.வி.இ. எண்ணைத் தேடுங்கள்.

கேட்டவர்
சேஞ்ச்லாகில் இரண்டு எண்ணுமே இல்லை. அப்டேட் செய்யும்வரை சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் ப்ரோகிராம்) தரும் ஆட்டோ ரீஸ்டார்ட் போதுமா? அனுப்பும் ஐ.பி.யை பிளாக் செய்யலாமா?

பதில் 1
ஆட்டோ ரீஸ்டார்ட் போடுங்கள், ஆனால் நம்பியிருக்காதீர்கள். இயல்பு அமைப்பில் 10 வினாடிக்குள் 5 முறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் சிஸ்டம்டி அதற்கு மேல் முயலாது. அனுப்புபவரின் முகவரியைச் சரிபார்க்காத யு.டி.பி.யில் வந்த பாக்கெட் என்றால் ஐ.பி. போலியாகவும் இருக்கலாம். வெளி நெட்வொர்க்கிலிருந்து 88ஆம் போர்ட்டை மூடுவது உருப்படியான வழி. நகலாக ஓடும் ரெப்ளிகா கே.டி.சி.களையும் மறக்க வேண்டாம். அதே பாக்கெட் அவற்றையும் வீழ்த்தும்.

கேட்டவர்
ரெப்ளிகாக்களை முதலில் அப்டேட் செய்தேன், பிறகு பிரதான சர்வர். அதே மாதிரி 138 பாக்கெட் மறுபடி வந்தது. இந்த முறை ப்ரீஆத் தோல்வி என்று லாகில் வரி விழுந்தது, கே.டி.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. ஐ.பி. உள் நெட்வொர்க்கைச் சேர்ந்தது, அதனால் எந்த மெஷின் அனுப்புகிறது என்று ஸ்விட்ச் போர்ட் வரை போய்ப் பார்க்கிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.