முலு தொங்குபாலம்: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கிள்ளான்காரி: டிசம்பர் லீவில் மலேசியாவின் சரவாக் மாநிலத்திலுள்ள முலு காட்டுக்குப் போகிறோம். அம்மாவுக்கு 61 வயது. மாடிப்படி ஏறுவார், ஆனால் மாடியிலிருந்து எட்டிப் பார்க்க மாட்டார்! வழிகாட்டி இல்லாமல் பாலத்தில் ஏறலாமா? எத்தனை நாள் வேண்டும்?

மீரி மாமா: வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், தங்கச்சி. மொத்தம் 480 மீட்டர், மரத்துக்கு மரம் தொங்குகிற பாலம். ஒரு துண்டில் கூட்டமாக நிற்கவும் விடமாட்டார்கள். முதல் துண்டிலேயே என் வீட்டுக்காரம்மா கயிற்றை விடவே இல்லை, நாலாவதில் அவர்தான் எனக்குக் குருவி காட்டினார். டிக்கெட் எடுத்த கையோடு பாலத்துக்கும் பதிந்துவிடுங்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். சாயங்காலம் மான் குகை வௌவால் கூட்டத்தை விட்டுடாதீங்க, மழை பெய்தால் வெளியே வராது. குகைக்குப் பலகைப் பாதையில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நடை.

ஈப்போ பையன்: அக்கா, ஐசி (அடையாள அட்டை) மறக்காதீங்க. தீபகற்ப மலேசியாவிலிருந்து போனாலும் சரவாக்கில் கேட்பாங்க. செருப்பு வேண்டாம், பலகை வழுக்கும். நான் விழுந்தேன் லா.

கிள்ளான்காரி: நன்றி மாமா, தம்பி. அம்மாவிடம் உயரத்தைச் சொல்லவில்லை. “பாலம்” என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.