பெகு வீடு – பீலிக்கான் பொங்கல் குழு

மீனா அத்தை: ஞாயிறு பீலிக்கான் கோயிலுக்குப் போறதுக்கு அண்டா ரெண்டு, அரிசி, விறகு எல்லாம் செல்வம் வண்டிலதானே?

செல்வம்: அத்தை, வண்டில சின்னப் பிரச்சனை. ரிவர்ஸ் போட்டா ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் பிடிக்குது. கியர் ஆயிலும் ஃபில்டரும் வீட்டுலயே மாத்திடலாம்னு இருக்கேன்

மீனா அத்தை: அய்யோ

முத்து சித்தப்பா: ஓடுற ஆட்டோமேட்டிக் கியரைத் தொடாதே. ஆயில் மாத்தினா கியரே போயிடும்

குமார்: எங்க ஒர்க்‌ஷாப்லயும் அப்படித்தான் சொல்றாங்க

பெரியப்பா: செல்வம், எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை, அதான் கியர் ஆயில் அளவு பார்க்கிற கம்பியைப் பாரு. வண்டி 20 நிமிஷம் ஓடி சூடாகணும். சம தரையில நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்க, பிரேக்கை மிதிச்சு P-ல இருந்து L வரைக்கும் ஒவ்வொரு கியரா போட்டுத் திரும்ப P-க்கு வா. அப்புறம் கம்பியை எடுத்து வெள்ளைத் துணியில துடை.

பெரியப்பா: சிவப்பாவோ லேசான பழுப்பாவோ இருந்தா நல்லது. கறுத்து, கருகின வாடை வந்தா கிளட்ச் பிளேட் எரிஞ்சிருக்கு, புது ஆயில் அதைச் சரி பண்ணாது. ரோஸ் கலர் பால் மாதிரி இருந்தா ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கியர் ஆயில் கூலர் உடைஞ்சு தண்ணி கலந்திருக்கு. அப்படின்னா வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதே.

பெரியப்பா: முத்து சொல்ற பேச்சு எங்கிருந்து வருதுன்னா, பிளேட் தேஞ்சு வழுக்க ஆரம்பிச்ச பிறகுதான் ஜனங்க ஆயில் மாத்துறாங்க. அடுத்த வாரம் கியர் நின்னா பழி ஆயில் மேல. அதனால வாடை பார்க்காம யாரும் முடிவு பண்ண வேண்டாம்.

முத்து சித்தப்பா: நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன் அண்ணே

ராணி அக்கா: பால்குடம் எத்தனைன்னு யாராவது சொல்லுங்க, சொம்பு வாங்கணும்

செல்வம்: பார்த்தேன் பெரியப்பா. பழுப்பு. வாடை இல்ல. அளவு HOT கோட்டுக்கு அரை விரல் கீழ

பெரியப்பா: அப்போ உனக்கு ஆயில் குறைச்சல்தான் கோளாறு. ரிவர்ஸ் லேட்டா பிடிக்கிறதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். ஆனா இந்த ஆயில் எரிஞ்சு குறையாது, எங்கயோ ஒழுகுது. பேன் (கியருக்கு அடியில இருக்கிற ஆயில் சட்டி) ஓரம், ரேடியேட்டருக்குப் போற ரெண்டு குழாய், பின்னாடி ஷாஃப்ட் சீல், மூணையும் பாரு.

செல்வம்: பேன் ஓரம் ஈரம்

பெரியப்பா: அப்போ கேஸ்கெட்டும், அதான் சட்டி ஓரத்துல ஒழுகாம இருக்க வைக்கிற அடைப்பும், மாத்துறது நல்லதுதான். டிப்ஸ்டிக் மேல என்ன ஆயில்னு எழுதியிருக்கும். அதுல என்ன போட்டிருக்கோ அதையே வாங்கு. நாலு லிட்டர் டின் ஒண்ணு, சீல் பார்த்து.

குமார்: ஒரு டின் போதுமா? மொத்தம் எட்டு லிட்டர் கிட்ட பிடிக்கும்லே

பெரியப்பா: முதல் தரத்துக்குப் போதும். பேன் வழியா ரெண்டு, ரெண்டரை லிட்டர்தான் வரும். மீதி டார்க் கன்வெர்ட்டர்லயும் (இன்ஜினையும் கியரையும் இணைக்கிறது) குழாயிலயும் நின்னுடும். எட்டுல ரெண்டு மாத்தினா கால்வாசி புதுசு. சில நூறு மைல் ஓட்டி இன்னொரு தரம், அப்புறம் மூணாவது தரம்னு மாத்தினா பாதிக்கு மேல புதுசாயிடும். ஃபில்டர் முதல் தரம் மட்டும்.

செல்வம்: [படம்] இந்த நட்டுதானே?

பெரியப்பா: இல்லப்பா, அது நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கிற பெட்டி! அதுல வேற ஆயில். முன்பக்கம் வா, தட்டையான இரும்புச் சட்டி, சுத்தி சின்ன போல்ட்டு. இன்ஜின் ஆயிலைத் திறந்துட்டு கியர்ல ஊத்துறவங்க நிறைய பேர்.

செல்வம்: 👍

பெரியப்பா: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதே. ஸ்டாண்டு வை, பின் சக்கரத்துக்குக் கட்டை வை.

செல்வம்: ஸ்டாண்டு முத்து சித்தப்பா வீட்டுல

முத்து சித்தப்பா: என்கிட்ட இல்ல. போன தீபாவளிக்கே குமார்கிட்ட குடுத்துட்டேன்

குமார்: ஒண்ணுதான் குடுத்தீங்க

மீனா அத்தை: அந்த ஸ்டாண்டு அப்பா வாங்கினது. எல்லாரும் தேடுங்க

பெரியப்பா: ஸ்டாண்டு ரெண்டும் கிடைக்காம வேலையைத் தொடங்காதே.

பெரியப்பா: கழட்டுற விதம்: ஆயில் வெதுவெதுப்பா இருந்தாப் போதும், கொதிச்சா கை வெந்துடும். ட்ரெய்ன் நட்டைத் திறந்து வடிய விடு. வந்ததை அளந்து வை. அப்புறம் பத்தாம் நம்பர் ஸ்பேனரால சுத்தியுள்ள போல்ட்டு, ஒரு மூலையில ரெண்டை மட்டும் விட்டுடு, சட்டி சாய்ஞ்சு மிச்சமும் வடியும். ஒட்டிக்கிட்டா ஸ்க்ரூ டிரைவரை நுழைச்சு நெம்பாதே, அலுமினிய முகம் கீறினா வாழ்நாள் ஒழுகல். ரப்பர் சுத்தியால ஓரத்தைத் தட்டு.

பெரியப்பா: சட்டிக்குள்ள காந்தம் இருக்கும். அதுல சாம்பல் கலர் பசை படிஞ்சிருந்தா சாதாரணம். ஊசி மாதிரி இரும்புத் துண்டு இருந்தா உள்ள எதோ உடையுது. சட்டி ஆயில்ல பித்தளை மஞ்சள் மின்னினா புஷ் (ஷாஃப்டைத் தாங்குற வளையம்) தேயுது. படம் அனுப்பு.

ராணி அக்கா: சொம்பு 11 வாங்கட்டா?

மீனா அத்தை: 9. சின்னவங்க வரலைன்னு சொல்லிட்டாங்க

முத்து சித்தப்பா: யார் வரல? என்கிட்ட யாருமே சொல்லல

செல்வம்: ஃபில்டர் இங்க கடையில இல்ல பெரியப்பா. ரங்கூன்ல கிடைக்குமா?

பெரியப்பா: நாளைக்குக் கேக்கறேன். கிடைக்காட்டி பழசைப் பிரிச்சுப் பாரு. கம்பி வலைன்னா மண்ணெண்ணெயில கழுவி நல்லா காயவெச்சுத் திரும்ப மாட்டலாம். துணி மாதிரி இருந்தா கழுவாதே. மேல துளையில பழைய கேஸ்கெட் ஒட்டியிருக்கும், அதை மறக்காம எடு. ரெண்டு இருந்தா பம்ப் காத்தை இழுக்கும், கியர் பிடிக்காது.

பெரியப்பா: துடைக்க நூல் உதிராத துணி. பழைய லுங்கி நூல் வால்வுல மாட்டினா கியர் மாறுறதே தகராறு. பேன் போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா, 7 நியூட்டன் மீட்டர், அதாவது ஸ்பேனரை ரெண்டு விரல்ல பிடிச்சு. அதுக்கு மேல இழுத்தா அலுமினியப் புரி அறுந்துடும். கேஸ்கெட் கிடைக்காட்டி கேஸ்கெட் பேஸ்ட், நூல் மாதிரி மெல்லிசா ஒரே கோடு. தடிச்சா உள்ள பிதுங்கி ஃபில்டரை அடைக்கும்.

செல்வம்: ஊத்துறது டிப்ஸ்டிக் குழாய்லதானே

பெரியப்பா: ஆமா, ஒல்லி புனல். வடிஞ்ச அளவை ஊத்து, உன் வண்டியில குறைச்சல் இருந்ததால கோட்டைப் பார்த்து கூட்டு. அரை அரை டம்ளரா. அதிகமானா நுரைச்சு வழுக்கும், குறைஞ்சாலும் வழுக்கும். சூடாக்கித்தான் கடைசி அளவு.

பெரியப்பா: வெள்ளிக்குள்ள முடி. சனி ஒருநாள் ஓட்டி, ராத்திரி அடியில அட்டை விரிச்சு ஒழுகுதான்னு பாக்கணும். ஞாயிறு காலையில முதல் ஓட்டம் ஓட்டுற வண்டியில அண்டா ஏத்தக் கூடாது.

குமார்: ஸ்டாண்டு ஒண்ணு கிடைச்சிடுச்சு

செல்வம்: இன்னொண்ணு?

மீனா அத்தை: கரண்ட் போகப் போகுது, சீக்கிரம் சொல்லுங்க. வண்டி வருமா, வேற ஏற்பாடு பண்ணவா?

பெரியப்பா: ஃபில்டர் கேட்டுட்டு நாளைக்கு மத்தியானம் சொல்றேன். செல்வம், பழைய ஆயிலைக் காவாயில விடாதே, டின்னுல பிடிச்சு வை.

முத்து சித்தப்பா: சின்னவங்க ஏன் வரல?