கிடாரிக் கன்றுக்கு எவ்வளவு பால்? (குடும்பக் குழுவில் நடந்த பேச்சு)

அக்கா: போன வாரம் பிறந்த கிடாரிக் கன்றுக்குக் காலையில் 2 லிட்டர், மாலையில் 2 லிட்டர் பால் கொடுக்கிறேன். குடித்து முடித்த பிறகும் வாளியை முட்டிக்கொண்டே நிற்கிறது. இன்னும் ஊற்றலாமா?

பெரியப்பா: வேண்டாம்மா. கிடாரியைக் கொழுக்க வைத்தால் மடியில் கொழுப்புதான் ஏறும். பிறகு பார்க்கத்தான் மடி பெரிதாக இருக்கும், கறந்தால் ஒன்றும் வராது.

பெரியம்மா: அவருக்குப் பாலை விற்கணும். அதுதான் விஷயம் 😄

தம்பி: பெரியப்பா சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. 1960இல் ஸ்வான்சன் என்ற ஆய்வாளர் ஒரே மாதிரி இரட்டைக் கிடாரிகளில் ஒன்றைக் கொழுக்கவும் மற்றதைச் சாதாரணமாகவும் வளர்த்துப் பார்த்திருக்கிறார். கொழுத்ததுதான் குறைவாகக் கறந்திருக்கிறது.

பெரியப்பா: 👍👍👍

டாக்டர் சித்தப்பா: அண்ணா, அது உண்மைதான். ஆனால் அது பால் மறந்த கிடாரிகளின் கதை. பால்குடிக் கன்றுக்கு அது பொருந்தாது.

அக்கா: மடியே இல்லாத வயசு சித்தப்பா. நாலு குட்டிக் காம்புதான் தெரிகிறது.

டாக்டர் சித்தப்பா: உள்ளே இருக்கிறது. மடியில் இரண்டு பகுதி உண்டு. கொழுப்பு மெத்தை ஒன்று, பால் சுரக்கும் திசு இன்னொன்று. இப்போது இந்தத் திசு கிராம் கணக்கில்தான் இருக்கும். இரண்டு மாதம் கழித்துக் காம்பின் அடியை இரு விரலால் மெல்ல உருட்டிப் பார், பயறு மாதிரி கெட்டியாகத் தட்டுப்படலாம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவு கன்றுகளுக்குப் பாலைக் குறைத்தும் இன்னொரு பிரிவுக்குத் தாராளமாகவும் கொடுத்து, இரண்டு மாதம் ஆவதற்கு முன்பே மடியை எடுத்து எடை போட்டார்கள். நன்றாகக் குடித்தவற்றில் அந்தத் திசு சுமார் ஆறு மடங்கு இருந்தது.

தம்பி: ஆறு மடங்கா! உடம்பும் ஆறு மடங்கு வளர்ந்ததா என்ன?

டாக்டர் சித்தப்பா: இல்லையே, அதுதான் விசேஷம். உடம்பை மிஞ்சி மடி வளர்ந்திருக்கிறது.

பெரியப்பா: கன்று மடியை அறுத்துப் பார்த்துவிட்டார்கள், சரி. கறவையில் தெரிந்ததா?

டாக்டர் சித்தப்பா: நியாயமான கேள்வி அண்ணா. அதே பல்கலைக்கழக மந்தையின் பழைய கணக்கை அலசி 2012இல் ஒரு கட்டுரை வந்தது. பால்குடி வயதில் தினசரி எடை 1 கிலோ கூடுதலாக ஏறினால், முதல் ஈற்றில் சுமார் 850 கிலோ பால் கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். நாளுக்கு ஒரு கிலோ வித்தியாசம் சாதாரணமாக வராது, 100 கிராம் கூடினால் 85 கிலோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மந்தையின் கணக்குதான், எல்லாப் பண்ணையிலும் அப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன்.

அக்கா: அப்போ நான் கொடுக்கும் 4 லிட்டர்?

டாக்டர் சித்தப்பா: கன்று எத்தனை கிலோ?

அக்கா: 40 இருக்கும்.

டாக்டர் சித்தப்பா: உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. பழைய கணக்கு அது. உயிரோடு இருக்கப் போதும், வளர மிச்சம் அதிகம் இருக்காது. குளிர் நாளில் அதுவும் உடம்புச் சூட்டுக்கே செலவாகிவிடும். மெல்ல மெல்ல 8 லிட்டர் வரை ஏற்றலாம். இரண்டு மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும்.

பெரியப்பா: கழிச்சல் வந்தால் நீ வந்து பார்ப்பாயா?

டாக்டர் சித்தப்பா: வருகிறேன் அண்ணா 🙂 பால் கூடினால் சாணம் கொஞ்சம் இளகும், அது கழிச்சல் இல்லை. தண்ணீராகப் போனாலோ கன்று சோர்ந்து படுத்தாலோதான் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் அழுக்கு வாளி போன்றவற்றிலிருந்து தொற்றும் கிருமிகள்தான் காரணம். பாலை மூன்று வேளையாகப் பிரித்து, வெதுவெதுப்பாக, ரப்பர் காம்பு பொருத்திய வாளியில் கொடு. மடிநோய்ப் பாலை மட்டும் கன்றுக்கு ஊற்றாதே.

பெரியம்மா: சீம்பால் கொடுத்தாயாடி?

அக்கா: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் 4 லிட்டர் கொடுத்துவிட்டேன் பெரியம்மா.

பெரியம்மா: அது போதும்.

தம்பி: சரி, பால் மறந்த பிறகு பெரியப்பா கட்சிக்கு மாறிவிடலாமா?

டாக்டர் சித்தப்பா: பாதி மாறலாம். சுமார் 3 மாதத்திலிருந்து பருவத்துக்கு வரும்வரை மடித் திசு உடம்பைவிட மூன்று மடங்குக்கும் மேல் வேகமாக வளரும். அப்போது தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனத்தைக் கொட்டினால் எடை சட்டென்று ஏறி, கிடாரி சீக்கிரம் பருவத்துக்கு வந்துவிடும். மடி வேகமாக வளரும் காலமே சுருங்கிப்போகும். மேலே கொழுப்பு வேறு.

பெரியப்பா: நான் சொன்னதும் அதுதானே.

டாக்டர் சித்தப்பா: அதேதான் அண்ணா. வயதுதான் தள்ளிப்போய்விட்டது.

அக்கா: அதற்காகப் பட்டினி போடவும் கூடாது, இல்லையா?

டாக்டர் சித்தப்பா: கூடவே கூடாது. பெரிய இனத்துக்கு நாளுக்கு 700, 800 கிராம் ஏறினால் போதும். புரதத்தைக் குறைக்காதே. இப்போதிருந்தே தண்ணீரும் கொஞ்சம் கன்றுத் தீவனமும் முன்னால் இருக்கட்டும். தீவனம் நன்றாகத் தின்னப் பழகாமல் பாலை ஒரேயடியாக நிறுத்தினால் இதுவரை ஏறியதெல்லாம் இறங்கிவிடும். இன்னொன்று, பக்கத்துக் கன்றின் காம்பைச் சூப்ப விடாதே. அந்தப் பழக்கம் நின்றுபோகாவிட்டால் ஈன்றதும் ஒரு காம்பு அடைத்திருக்கலாம், அல்லது மடிநோயோடு இருக்கலாம்.

அக்கா: எடை போட மேடை இல்லையே.

டாக்டர் சித்தப்பா: நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து அனுப்பு, எடையை நான் கணக்குப் போடுகிறேன்.

பெரியப்பா: எனக்கும் அனுப்பும்மா. நானும் பார்க்கிறேன்.