பதகளிப்புக்கு அமுக்கரா எடுக்கலாமா?

கொக்குவிலான்:
மருந்து தெரிந்த ஆட்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். சில மாதங்களாகத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கைவிரல் விறைக்கிறது, மூச்சு எடுக்க ஏலாமல் போகிறது, இதோடு முடிந்தேன் என்று தோன்றுகிறது. கால் மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஈசிஜி எடுத்துப் பார்த்து இதயத்தில் பிழை இல்லை, இது பதகளிப்பு என்று சொல்லி செர்ட்ரலின் குளிசை தந்தார்கள். முதல் கிழமையிலேயே அந்தரம் கூடியதால் நிறுத்திவிட்டேன். இப்போது கொழும்பு பஸ்ஸில் ஏறவே பயம். ஆனையிறவு தாண்டி வந்துவிட்டால் எங்கே இறங்குவது என்று யோசனை ஓடுகிறது. கனடாவில் இருக்கும் அக்கா அசுவகந்தாப் போத்தல் ஒன்றும் மக்னீசியமும் அனுப்பியிருக்கிறா. நம்முடைய அமுக்கராதானே அது? எடுத்தால் சுகம் வருமா?

பரியாரி பேரன்:
தம்பி, யோசிக்காமல் எடுங்கள். என் அப்பப்பா சண்டிலிப்பாயில் பரியாரியாராக இருந்தவர். நித்திரை இல்லை, மனம் பதறுகிறது என்று வருகிறவர்களுக்கு அமுக்கரா சூரணம் கொடுப்பார். வெறும் கிழங்குத் தூள் இல்லை அது. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சீனி 128. ஒவ்வொன்றும் முன்னதின் இரட்டி. கிழங்கை அப்படியே இடிப்பதும் இல்லை. பானையில் பால் கொதிக்க, மேலே வாயைத் துணியால் கட்டி, அந்த ஆவியில் பிட்டு அவிப்பதுபோல் அவித்துக் காயவிட்டுத்தான் இடிப்பார். பிறகு சீலையில் சலிப்பு. பச்சைக் கிழங்கில் குதிரை நாற்றம் அடிக்கும், சலித்து முடிந்தபின் சுக்கும் ஏலமும்தான் மணக்கும். இப்போது வெளிநாட்டுக்காரரும் ஆராய்ந்து பார்த்துச் சரி என்கிறார்கள். அவர்கள் சொல்லும் வரைக்கும் நாங்கள் காத்திருந்தோமா என்ன?

குளிசைக்காரி:
நான் பாமசியில் வேலை செய்கிறவள். கொக்குவில் அண்ணா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்? அதைக் கேட்காமல் "யோசிக்காமல் எடுங்கள்" என்று எழுதியிருக்கிறார் பேரன். உங்கள் அப்பப்பா நாடி பிடித்துப் பார்க்காமல் யாருக்காவது சூரணம் மடித்துக் கொடுத்திருப்பாரா?

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். அமுக்கராவை மன அழுத்தம், பொதுவான பதகளிப்பு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவை சின்னச் சோதனைகள், ஏறக்குறைய 8 கிழமையோடு முடிந்தவை. கொடுத்தது வேரிலிருந்து செறிவாக எடுத்த சாரம், நாளுக்கு 240 முதல் 600 மில்லிகிராம் வரை. பேரன் சொன்ன சூரணத்தைக் கூட்டிப் பாருங்கள், மொத்தம் 255 பங்கு, அதில் அமுக்கரா நாலில் ஒன்று, பாதிக்கு மேல் சீனி. போத்தலில் இருப்பது ஒன்று, அப்பப்பா கொடுத்தது இன்னொன்று. ஒன்றுக்கு வந்த பலனை மற்றதற்கு எழுத ஏலாது. நீரிழிவுக்காரர் அந்தச் சூரணத்தைக் கரண்டியால் அள்ளுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ரொறன்ரோ ராசன்:
இரண்டு பேரும் பழைய கதை கதைக்கிறீர்கள். இங்கே சனம் தியானின், மக்னீசியம் கிளைசினேட், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் என்று போய்விட்டது. 2018 இல் கஞ்சா சட்டமானபின் சிபிடி கடையிலேயே வாங்கலாம். நாக்குக்குக் கீழே நாலு துளி விட்டுக்கொண்டு படுத்தால் விடிந்துதான் எழும்புவேன். தம்பி, அக்காவிடம் சொல்லி அடுத்த பார்சலில் போடச் சொல்லுங்கள்.

குளிசைக்காரி:
ராசன் அண்ணா, தயவுசெய்து அந்த அறிவுரையை அழியுங்கள். கனடாச் சட்டம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் செல்லாது. பார்சலில் கஞ்சா எண்ணெய் வந்தால் இவருக்குப் பதகளிப்பு வரக் காரணம் தேட வேண்டிய தேவையே இருக்காது.

மக்னீசியம் உடம்பில் குறைவாக உள்ளவருக்கு உதவலாம், மற்றவருக்குப் பெரிதாக ஆதாரம் இல்லை. கூடினால் வயிற்றால் போகும், சிறுநீரகம் பழுதானவர் தொடவே கூடாது. கச்சானும் கீரையும் சாப்பிட்டால் ஓரளவு வந்துவிடும். தியானின் தேயிலையிலேயே இருக்கிற சரக்கு. ஆனால் சோதனைகளில் வழக்கமாகக் கொடுப்பது 200 மில்லிகிராம், ஒரு கோப்பை தேத்தண்ணியில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும், கூடவே கஃபீனும் வரும். பீதி நோய், அதாவது உங்களுக்கு வருவதுபோல் திடீர்த் தாக்கம் வருகிற வருத்தம், உள்ளவர்களுக்கு நாலைந்து கோப்பை கோப்பி அளவு கஃபீனை ஒரே தடவையில் கொடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தாக்கம் வந்திருக்கிறது. கஃபீன் இல்லாததைக் குடித்தவர்களுக்கு வரவில்லை. கொக்குவில் அண்ணா, நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. நாளைக்கு எத்தனை பிளேன்ரீ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொக்குவிலான்:
தேத்தண்ணிக்குக் கணக்கு வைப்பதில்லை. கந்தோரில் பின்னேரம் கோப்பி, அதுவும் கடுமையாக. மருந்து என்று ஒன்றும் இல்லை. தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் மட்டும் காலையில், 100 மைக்ரோகிராம். அது வருடக்கணக்காக எடுப்பது.

குளிசைக்காரி:
அதுதான் மருந்து, அண்ணா! தைரொக்சின் அளவு தேவைக்கு மேலே போனால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை எல்லாம் வரும். தைரொயிட் அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்எச் இரத்தச் சோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்? தைரொயிட் சுரப்பு சற்றுக் குறைந்தவர்களுக்கு அமுக்கராச் சாரம் கொடுத்த ஒரு சோதனையில் இரத்தத்தில் தைரொயிட் ஹோர்மோன் கூடியது. ஏற்கெனவே வெளியிலிருந்து ஹோர்மோன் எடுக்கிற உங்களுக்கு அதற்கு மேல் அமுக்கராவும் எதற்கு? மக்னீசியத்தையும் தைரொக்சினோடு சேர்த்து விழுங்கக் கூடாது, உறிஞ்ச விடாது. நாலு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். டிஎஸ்எச் முடிவு வரும் வரைக்கும் அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள்.

அமுக்கராவால் ஈரல் பழுதானவர்களும் இருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. டென்மார்க் 2023 இல் தடையே போட்டது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் மூலிகை என்றால் ஒன்றும் செய்யாது என்ற கதை எனக்குப் பிடிக்காது. ஒன்றும் செய்யாத சரக்கு என்றால் சுகத்தை மட்டும் எப்படிக் கொடுக்கும்?

பரியாரி பேரன்:
தைரொக்சின் விஷயத்தில் தங்கச்சி சொல்வதைக் கேளுங்கள், அதில் வாதம் இல்லை. மற்றதற்குப் பதில் சொல்கிறேன். கிழங்கால் ஈரல் போகும் என்று பயம் காட்டுகிற நீங்கள் உங்கள் அலுமாரியில் இருப்பதைப் பற்றி ஏன் கதைக்கவில்லை? செர்ட்ரலின் எடுத்து முதல் கிழமையிலேயே இவருக்கு அந்தரம் கூடியிருக்கிறது. டயசெபாம், அல்பிராசோலம் என்று மனதை அமர்த்தும் குளிசைகளில் தொடங்கி, டொக்டரின் துண்டு இல்லாமலே கடை கடையாக வாங்கி, விட முடியாமல் தவிக்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். திடீரென்று விட்டால் வலிப்பு வரும். அமுக்கராவை விட முடியாமல் எவரும் அழுததை நான் கேள்விப்படவில்லை.

சர்ப்பகந்தியை மறந்துவிட்டீர்கள். மனம் குழம்பியவருக்கும் நித்திரை இல்லாதவருக்கும் நாட்டு வைத்தியர் கொடுத்த வேர் அது. 1952 இல் அதிலிருந்துதான் ரிசர்பின் எடுத்தார்கள், இங்கிலீசு வைத்தியமே பிரசருக்கும் மனநோய்க்கும் அதை வாங்கிக் கொடுத்தது. வல்லாரையையும் பாருங்கள். 2000 இல் கனடாவில் 40 பேரை வைத்துச் செய்த சோதனையில் வல்லாரை எடுத்தவர்கள் திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது குறைந்தது. வெடிச் சத்தம் கேட்டுத் திடுக்கிடும் எங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குளிசைக்காரி:
ரிசர்பின் நல்ல உதாரணம், எனக்குத்தான் உதவுகிறது. பிரசர் குறைந்தது உண்மை. கூடவே சிலருக்கு மனச்சோர்வு வந்ததும் உண்மை. அதனால்தான் இப்போது அதை எழுதுகிற டொக்டர் அநேகமாக இல்லை. வேரில் இருந்தபோது நல்ல பிள்ளையாக இருந்தது, குளிசையானதும் கெட்டுப்போனது என்று இல்லை. சரக்கு ஒன்றுதான்.

வல்லாரைச் சோதனையில் கொடுத்தது ஒரே தடவையில் 12 கிராம். எடுத்தவர்கள் சுகதேகிகள். பீதி நோய்க்காரர் ஒருவரும் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் திடுக்கிடுவது குறைந்தது, அவ்வளவுதான் அதிலிருந்து எடுக்கலாம்.

டயசெபாம் பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. துண்டில்லாமல் கேட்டு வருகிறவர்களோடு நான் தினமும் படும் பாடு எனக்குத் தெரியும். செர்ட்ரலின் வேறு இனம், அதற்கு அடிமையாவதில்லை. முதல் ஒன்றிரண்டு கிழமை அந்தரம் கூடுவது பலருக்கு நடப்பதுதான், பீதி நோய்க்காரருக்கு இன்னும் கூட. அதனால்தான் 25 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். பலன் தெரிய நாலு, ஆறு கிழமை பிடிக்கும். இதை மருந்து தரும்போதே யாராவது இவருக்கு ஆறுதலாகச் சொல்லியிருந்தால் இந்தத் திரியே வந்திருக்காது. கிளினிக்கில் திரும்பப் போய் "இப்படி நடந்தது" என்று சொல்லுங்கள், அண்ணா. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம்.

நெடுந்தீவான்:
எங்கள் வீட்டில் இரவில் பாலில் சாதிக்காய் உரசிக் குடிப்போம். அது பரவாயில்லையா?

குளிசைக்காரி:
உரசுகிற அளவு சாப்பாட்டுக்குப் போடுகிற அளவுதான், குடியுங்கள். ஒரு காயை முழுதாகத் தூளாக்கிக் குடித்தால் நஞ்சு. வருகிற படபடப்பைப் பார்த்து வேறு மருந்து தேடுவீர்கள்.

அரியாலை அக்கா:
எல்லோரும் எதை விழுங்கலாம் என்று கதைக்கிறீர்கள். எனக்கும் இந்த வருத்தம் இருந்தது, அதனால் சொல்கிறேன். பீதி வந்தால் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும், பிறகு தானாக இறங்கும். நீங்கள் விழுங்கிய கப்சூல் அந்த நேரத்துக்குள் வேலை தொடங்கியிருக்காது. பேந்து சுகம் வந்ததும் "மருந்து கேட்டது" என்று மனம் எழுதிவைத்துக்கொள்ளும். அதன் பிறகு போத்தல் இல்லாமல் படலை தாண்ட ஏலாது. என் கைப்பையில் அப்படி ஒன்று கிடந்தது. அதைத் திறப்பதே இல்லை, ஆனால் இல்லாமல் சந்தைக்குக்கூடப் போக மாட்டேன்.

பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். அதைப் பார்த்து மாரடைப்பு என்று இன்னும் பயம், இன்னும் மூச்சு. என்னைப் பார்த்த உளவளத்துணையாளர் மருந்துப் பக்கமே போகவில்லை. கதிரையில் இருத்தி வேண்டுமென்றே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு எடுக்கச் சொன்னார். அப்படியே விரல் விறைத்தது, தலை சுற்றியது, நான் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டேன். "எழும்பி ஓட வேண்டாம், பார்த்துக்கொண்டு இருங்கள்" என்றார். அது வந்த மாதிரியே போனது. அதற்குப் பிறகு படியில் ஏறி ஓட வைத்தார், நின்ற இடத்தில் சுற்ற வைத்தார். நெஞ்சு அடித்தால் சாவு இல்லை என்று உடம்பு படித்துக்கொண்டது.

தம்பிக்குக் கொழும்பு பஸ் இப்போதைக்கு வேண்டாம். கொக்குவிலில் ஏறி யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்குங்கள். அது சலித்துப்போனதும் கொடிகாமம், பிறகு கிளிநொச்சி. இடையில் வந்தால் இறங்கிவிடாதீர்கள், அது அடங்கும்வரை சீற்றிலேயே இருங்கள். ஒன்று, நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ போனால், நடக்கும்போது கூடினால், அதைப் பதகளிப்பு என்று வைத்துக்கொண்டு இருக்காமல் அம்புலன்சுக்கு 1990 க்கு அடியுங்கள்.

பேரன் சொன்ன வெடிச் சத்தம் பற்றியும் ஒரு சொல். திருவிழா வெடிக்குக் கட்டிலுக்குக் கீழே போகிறவர்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் கிபிர் விமானமும் ஷெல்லும் போட்டுவிட்டுப் போனது அது. அதற்கு வல்லாரை எழுதிக் கொடுத்துவிட்டு அப்பால் போகக் கூடாது.

பரியாரி பேரன்:
அக்கா, நீங்கள் சொன்ன பழக்கம் நல்லது. ஆனால் அப்படி முன்னால் இருந்து பழக்குகிறவர் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர்? கிளினிக்கில் வரிசையில் நின்றால் டொக்டரோடு கிடைப்பது சில நிமிடம். அந்த வரிசையில் அயலவர் கண்டுவிட்டால் "அவனுக்கு விசராம்" என்று மாலைக்குள் ஊர் முழுக்கக் கதை. பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் குழம்பும். அப்பப்பாவின் திண்ணையில் அந்த வெட்கம் இல்லை. வாதம் என்று வருகிறவரும் மனம் சரியில்லை என்று வருகிறவரும் ஒரே வாங்கில்தான். அவசரம் இல்லாமல் கேட்பார், சாப்பாடு கேட்பார், வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்பார். இதைக் குளிசைக்காரர் தந்தால் நான் கிழங்கை விட்டுவிடுகிறேன்.

அரியாலை அக்கா:
ஊர் வாயைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, நானும் அதற்குப் பயந்து இருந்தவள்தான். ஆனால் இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. முகம் காட்ட வெட்கம் என்றால் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம். சுகப்படுத்தியது உங்கள் அப்பப்பா அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பரியாரி பேரன்:
கிழங்கும்தான்.

ரொறன்ரோ ராசன்:
லவெண்டர் எண்ணெயையாவது விடுங்கள். ஜேர்மனியில் 80 மில்லிகிராம் கப்சூல் மருந்துக்கடையிலேயே விற்கிறார்கள், நல்ல சோதனைகளும் இருக்கின்றன.

குளிசைக்காரி:
இருக்கின்றன, மூலிகைகளில் ஓரளவு நன்றாகச் சோதித்தது அதுதான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்தச் சோதனைகள் நாள் முழுக்க மனம் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கிறவர்களை வைத்துச் செய்தவை, திடீர் பீதிக்கு இல்லை. வாசனைக்கு விற்கிற லவெண்டர் எண்ணெய்ப் போத்தலை யாரும் குடித்துவிட வேண்டாம், அது வேறு. செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்று ஒரு மூலிகையும் பார்சலில் வரும். செர்ட்ரலினோடு சேர்ந்தால் ஆபத்து, கருத்தடைக் குளிசையையும் வேலை செய்யவிடாது.

கொக்குவிலான்:
எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை டிஎஸ்எச்சுக்கு இரத்தம் கொடுக்கிறேன், பின்னேரக் கோப்பியை விடுகிறேன். முடிவோடு கிளினிக்குக்கும் போகிறேன். வல்லாரைச் சம்பல் சாப்பிடலாமா, அதுவும் இல்லையா?

குளிசைக்காரி:
சம்பல் சாப்பாடு, வடிவாகச் சாப்பிடுங்கள். தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடப் போட்டால் கைப்புத் தெரியாது.

பரியாரி பேரன்:
டிஎஸ்எச் சரி என்று வந்து, அதற்குப் பிறகும் அமுக்கரா எடுக்க விருப்பம் இருந்தால், பார்சல் போத்தலை வைத்துவிட்டுக் கைதடி சித்த வைத்தியசாலைக்குப் போங்கள். படித்த வைத்தியர் பார்த்துக் கொடுக்கட்டும். நானே கூட்டிக்கொண்டு போகிறேன். தங்கச்சி அதற்கும் ஏதாவது சொல்லுவா.

குளிசைக்காரி:
சொல்லுவேன். தைரொக்சின் துண்டையும் கையில் கொண்டு போகச் சொல்லுவேன்.