மறு: ‘ஆதரைஸ்டு யூசர்’ – ‘பயனர்’ வேண்டாம், ‘பெயர்ப் பாத்தியர்’?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

> ஆதரைஸ்டு யூசர் = அங்கீகரிக்கப்பட்ட பயனர். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. போன வாரம் கேரள மலையூரான மறையூரில் ஒரு வெல்ல ஆலைக் கொட்டகையில் உட்கார்ந்து, புவிசார் குறியீட்டு (ஊர்ப் பெயரால் அறியப்படும் பொருளின் பெயருக்குச் சட்டக் காப்பு) விண்ணப்பத்தைத் தமிழில் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொப்பரையில் பாகு முற்றிக்கொண்டிருந்தது. கிண்டுவதை நிறுத்தாமலே பெரியவர் கேட்டார்: “பயனர்னா யாரு தம்பி? வாங்கித் திங்கிறவங்களா?”

பாகு சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருட்டுகிறவர் அவர். உருண்டையில் விரல் தடம் பதிந்திருக்கும். அவரைப் போய் ‘பயனர்’ என்றால், கடவுச்சொல் கேட்கப்போகிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

சட்டம் சொல்வது இதுதான். 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம், 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில். பதிவேட்டுக்கு இரண்டு பகுதி. முதல் பகுதியில் பொருளின் பெயர் ஏறும். மறையூர் வெல்லம் 2019இல் ஏறியது. பெயருக்கு உரிமையாளர் தனி ஆள் அல்ல, ஒரு சங்கமோ அமைப்போதான். அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமை பெற்று இரண்டாம் பகுதியில் ஏறுகிறவர்தான் நம் ஆள், ‘ஆதரைஸ்டு யூசர்’. ஏறிவிட்டால் பத்து ஆண்டுக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்கலாம், பிறகு புதுப்பிக்கலாம். சமவெளி வெல்லத்தை மறையூர் என்று சொல்லி விற்பவர்கள் மேல் வழக்கும் போடலாம்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். ‘உற்பத்தியாளர்’ போதாது, வேளாண் பொருளில் பதப்படுத்துபவர், பொட்டலம் கட்டுபவர்கூட உள்ளே வருகிறார்கள். ‘உரிமதாரர்’ தப்பாகவே போய்விடும், ஏனென்றால் இந்த உரிமையை இன்னொருவருக்கு உரிமமாகக் கொடுக்கவே சட்டம் விடவில்லை. ‘பதிவாளர்’ என்றால் பதிவு செய்து தரும் அதிகாரி. ‘குறியாளர்’ சோழி உருட்டுபவர்.

எனக்குத் தோன்றியது ‘பாத்தியம்’. நம் பக்கத்துப் பத்திரங்களில் ‘கிணற்று நீர்ப் பாத்தியம்’, ‘வண்டிப்பாதைப் பாத்தியம்’ என்று எழுதுவார்களே, அது. கிணறு எனக்கு மட்டும் சொந்தமில்லை, ஆனால் என் முறையில் நான் இறைத்துக்கொள்ளலாம். இங்கே பெயர்தான் கிணறு. அதனால் ‘பெயர்ப் பாத்தியர்’.

*

> பெயர்ப் பாத்தியர்

அண்ணா, எனக்கு இரண்டு தடை. ஒன்று, இது வடசொல். இரண்டு, கரும்புக் காட்டில் போய் ‘பாத்தியர்’ என்றால் பாத்தி கட்டுபவர் என்று நினைப்பார்கள்! அதோடு, கிணற்றுப் பாத்தியம் நிலத்தோடு சேர்ந்து விலைக்குப் போகிறது. இதை விற்க முடியுமா?

*

முடியாது. 24ஆம் பிரிவு விற்பனை, அடமானம், உரிமம் எல்லாவற்றையும் தடுக்கிறது. ஆனால் அதிலேயே ஒரு விலக்கு: உரியவர் இறந்தால் உரிமை வாரிசுக்குப் போகும். விற்க முடியாது, பிள்ளைக்குப் போகும் என்றால் கோயில் மண்டகப்படிப் பாத்தியத்துக்குத்தான் இன்னும் கிட்டே வருகிறது. எனவே கிணற்றை விட்டுவிடுகிறேன், பாத்தியத்தை விடவில்லை.

வடசொல் தடைக்கு என்னிடம் பதில் இல்லை. தனித்தமிழ் வேண்டுமென்றால் ‘பெயருரித்தர்’ என்று வைக்கலாம். எனக்கு அது வாயில் நிற்கவில்லை. ‘காப்புரிமை’ என்ற நல்ல தமிழ்ச் சொல் கையில் இருந்தும் என்ன ஆயிற்று? 20 ஆண்டில் முடிகிற கண்டுபிடிப்பு உரிமைக்கும் அதுதான், எழுதியவர் இறந்து 60 ஆண்டு நிற்கிற பதிப்புரிமைக்கும் அதுதான் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன.

நேற்றுப் பெரியவரிடம் இரண்டு சொல்லையும் சொன்னேன். ‘பெயருரித்தர்’ என்றதும் “எதை உரிக்கிறாங்க?” என்றார். ‘பாத்தியம்’ என்றதும் கையெழுத்து எங்கே போடணும் என்று கேட்டார்.

இன்னொரு சிக்கலும் அவர்தான் கிளப்பினார். மலையாளத்தில் வெல்லத்துக்குச் சர்க்கர என்று பெயர், பதிவிலும் அது இருக்கிறது. மலை இறங்கி உடுமலைக்குப் போனால் சர்க்கரை என்பது தூள். தமிழ் அட்டைப்பெட்டியில் எதைப் போடுவது? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.